மேட்டூர்ப் பூங்காவில் ஒரு நாள்

சேலம், நாமக்கல் சீமையில் பிறந்தவர்களுக்கு மனத்துக்குள் ஒரு சிறு குறை உண்டு. காவேரித் தாய் எங்கள் எல்லையைத் தொட்டுக்கொண்டுதான் செல்கிறாள். ஆனால் காவேரி என்றதும் உலகத்தாருக்கு ஞாபகம் வருவது தஞ்சாவூர்தான். அங்கே அவள் நெல்லாகவும் வாழையாகவும் கொட்டிக் கொடுக்கிறாள். எங்கள் பக்கத்திலோ அவள் தாழ்வான படுகையில், கரை உயரத்தில் இருக்கும் எங்களை ஏறெடுத்தும் பாராமல் போய்விடுகிறாள். சோளம், நிலக்கடலை, மரவள்ளி என்று, வானத்தையும் கிணற்றையும் நம்பிப் பிழைக்கிறவர்கள் நாங்கள்.

இருந்தாலும் பெருமை பேசிக்கொள்ள எங்களுக்கும் ஒன்று இருக்கிறது. காவேரி என்னும் களஞ்சியத்தின் பூட்டும் சாவியும் சேலம் ஜில்லாவிலேதான் இருக்கின்றன. அந்தப் பூட்டின் பெயர் மேட்டூர் அணை. பூட்டின் அடியிலே ஓர் அழகிய பூங்காவும் உண்டு. எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு உதகமண்டலம், கோடைக்கானல் எல்லாம் அதுவேதான். நாமக்கல் தனி ஜில்லாவாகப் பிரிந்தது 1997-ஆம் வருஷத்தில். அதற்குப் பிறகும், மேட்டூருக்குப் போகிற விஷயத்தில் மட்டும் நாங்கள் யாரும் பிரிந்ததாக நினைப்பதில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆடிப் பெருக்கன்று, எங்கள் தெருவார் இருபது பேர் ஒரு வேன் பேசிக்கொண்டு மேட்டூருக்குப் புறப்பட்டோம். பள்ளிக்கூட உபாத்தியாயர் என்ற முறையில் தலைமைப் பதவி எனக்கு வந்து சேர்ந்தது. தலைவருடைய வேலை என்னவென்றால், ஒவ்வோர் ஊரிலும் வண்டி நின்றபோது தலைகளை எண்ணுவதுதான். எண்ணப்பட்ட தலைகளிலே மிகச் சிறியது என் மாணவி ஒருத்தியுடையது. ஏழாம் வகுப்பில் படிக்கிறவள். மிகவும் நரைத்த தலை அவளுடைய அம்மாயியுடையது. அந்த அம்மாளுக்கு எண்பது வயதுக்கு மேலிருக்கும். "இந்த வெயிலிலே உங்களுக்கு எதற்கு ஆத்தா இவ்வளவு சிரமம்?" என்று கேட்டேன். "ஒரு சோலி இருக்குதுங்க வாத்தியாரய்யா" என்றார். அது என்ன காரியம் என்று அப்போது நான் விசாரிக்கவில்லை.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு வழியாகச் சென்றோம். அர்த்தநாரீசுவரர் எழுந்தருளியிருக்கும் மலைக்கு வண்டியிலிருந்தபடியே கும்பிடு போட்டுவிட்டுச் சங்ககிரியை அடைந்தோம். மலையைச் சுற்றி வளைத்து ஏறும் கோட்டை மதில்கள் காலை வெயிலில் தெளிவாகத் தெரிந்தன. கும்பினியாரை எதிர்த்து நின்ற தீரன் சின்னமலையை 1805-ஆம் வருஷத்தில் தூக்கிலிட்டது இந்தக் கோட்டையிலேதான். கொங்கு நாட்டு ஜனங்கள் ஆடிப் பதினெட்டாம் நாளிலேயே அவருடைய நினைவையும் போற்றுகிறார்கள். ஆகையால் எங்கள் பக்கத்தில் ஆடிப் பெருக்கு என்பது புனலாடுவதற்கு மட்டுமான நாள் அல்ல. சங்ககிரியைத் தாண்டும்போது வேனில் பாட்டுப் பெட்டியைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தார்கள். சொல்லி வைத்ததுபோல் எல்லோரும் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எடப்பாடியைக் கடந்து மேட்டூரை நெருங்கினோம். சேலத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஓமலூர், மேச்சேரி வழியாக ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரம். ரயில் பாதையும் உண்டு.

மேட்டூரில் முதலில் ஆறு, அப்புறம் கோயில், அதற்கும் அப்புறந்தான் பூங்கா என்பது மரபு. புதுமணத் தம்பதிகள் ஆற்றில் முழுகித் தாலிச் சரடு மாற்றிக்கொள்கிறார்கள். பெண்கள் முளைப்பாலிகையைத் தலையில் சுமந்து வந்து நீரில் விடுகிறார்கள். ஈரத் துணியோடு அணைக்கட்டு முனியப்பன் சந்நிதிக்குப் போகிறார்கள். முனியப்பன் சைவர்களுடைய பொங்கலையும் ஏற்றுக்கொள்கிறார். மற்றவர்களுடைய ஆட்டையும் கோழியையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. எங்கள் வேனிலும் கட்டுச்சாதக் கட்சி, கோழிக் குழம்புக் கட்சி என்று இரண்டு கட்சிகள் இருந்தன. அடுப்புகள் தனித் தனி. மர நிழல் மட்டும் பொது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். முற்காலத்தில் ஆடி மாதத்துப் பெருக்கு குடகு மலையில் பெய்த மழையோடு தானே வந்தது. இன்று மேட்டூருக்குக் கீழே வரும் பெருக்கு மதகு திறந்தால்தான் வரும். அணையில் நீர் குறைந்த வருஷங்களில், ஜனங்கள் பண்டிகை கொண்டாடுவதற்கென்றே சர்க்கார் சிறிது ஜலம் திறந்துவிடுவது உண்டு. ஆற்றின் பெருக்கைக் கொண்டாடிய நாம், இப்போது மதகின் தயவைக் கொண்டாடுகிறோம்.

பசியாறிய பிறகு பூங்காவுக்குள் நுழைந்தோம். அணையின் அடிவாரத்தில் பரந்து கிடக்கும் இந்தப் பூங்காவில் புல்வெளிகளும் நிழல் மரங்களும் பூஞ்செடிகளும் நீரூற்றுகளும் குறைவில்லாமல் இருக்கின்றன. குழந்தைகளுக்கு ஊஞ்சல்களும் சறுக்கு மரங்களும். மான்கள், முயல்கள், பாம்புகள், மீன்கள் எல்லாவற்றையும் தனித் தனி இடங்களில் வைத்துக் காட்டுகிறார்கள். வெளியே வந்தால், அணை மீனைப் பொரித்துத் தரும் கடைகளின் வாசனை, கட்டுச்சாதக் கட்சியாரின் உறுதியைக்கூடச் சோதிக்கக்கூடியது.

எனினும் இந்தப் பூங்காவுக்கு உள்ள தனிச் சிறப்பு மலர்களால் வந்ததல்ல. எங்கே உட்கார்ந்தாலும், எந்த மரத்தடியில் படுத்தாலும், தலையைத் தூக்கினால் கண் முன்னே ஒரு பெரிய சுவர் நிற்கிறது. புல்லின் மேல் குழந்தை பந்து உருட்டி விளையாடுகிறது. அதற்கு மேலே, சுவருக்கு அப்புறம், ஒரு சமுத்திரம் ஓசையில்லாமல் காத்திருக்கிறது. அதை நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது.

இந்தச் சுவரின் கதை சுருக்கமாக இதுதான். காவேரி நீரைப் பற்றிச் சென்னை ராஜதானிக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் நெடுநாள் இழுபறி இருந்தது. 1924-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் உடன்படிக்கை ஏற்பட்டது. அதே வருஷம் ஜூலை மாதத்தில் காவேரியில் சரித்திரம் காணாத வெள்ளம் வந்து, இரு கரைகளையும் நாசம் செய்தது. மறு வருஷம் 1925-ல் மேட்டூரில் வேலை தொடங்கியது. பாலமலைக்கும் சீதாமலைக்கும் இடையே ஆறு வெளிப்படும் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்பது வருஷ உழைப்பு. 1934-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 21-ஆம் தேதி அணை திறக்கப்பட்டது. அப்போது கவர்னராக இருந்த ஸர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். திட்டத்தை வகுத்த எல்லிஸ் என்ற என்ஜினீயரின் பெயர், உபரி நீர் போகும் பதினாறு கண் மதகுக்கு வழங்குகிறது. கல் சுமந்தவர்கள் ஆயிரக் கணக்கானவர்கள். அவர்கள் பெயர் எதற்கும் வழங்கவில்லை.

அணையின் நீளம் 5,300 அடி. ஒரு மைல் தூரம் என்றே வைத்துக்கொள்ளலாம். அஸ்திவாரத்திலிருந்து உச்சி வரை 214 அடி. நீரைத் தேக்கக்கூடிய உயரம் 120 அடி. முழுவதும் நிரம்பினால் 9,347 கோடி கன அடி ஜலம் நிற்கும். அந்த நீர் பரவி நிற்கும் பரப்பு ஏறக்குறைய 59 சதுர மைல். கட்டி முடித்த காலத்தில், உலகத்தின் மிகப் பெரிய அணைகளுள் இதுவும் ஒன்றாக இருந்தது. 1937-ல் அணையடியிலேயே மின்சார நிலையமும் வந்தது. 2024-ஆம் வருஷம் ஜூலையில் அணை நிரம்பியபோது, அது 43-வது தடவை. தொண்ணூறு வருஷங்களில் நாற்பத்து மூன்று தடவைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். நிரம்பிய அணையைப் பார்க்கக் கிடைப்பது ஒரு பாக்கியம்.

இந்தப் புள்ளி விவரங்களையெல்லாம் வருஷந்தோறும் வகுப்பில் சொல்லி, பரீட்சையிலும் கேட்டு வந்திருக்கிறேன். அன்றும் புல்தரையில் பிள்ளைகளை உட்கார்த்தி வைத்து ஒப்புவித்தேன். மைசூரில் எழுந்த கிருஷ்ணராஜ சாகரத்தையும், அதன் கீழே திவான் மிர்ஸா இஸ்மாயில் அமைத்த பிருந்தாவனத்தையும் பற்றிச் சொன்னேன். "அலங்காரத்தில் அவர்கள் பூங்கா பெரியது, நீர் கொள்வதில் நம்முடைய அணை ஏறக்குறைய இரண்டு மடங்கு" என்று சற்றுப் பெருமையாகவே முடித்தேன். அவர்களைப் பார்த்து நம் நாட்டிலும் அணை என்றால் அடியில் ஒரு பூங்கா என்றாகிவிட்டது. பவானி சாகர், சாத்தனூர், வைகை, கிருஷ்ணகிரி எல்லாவற்றிலும் உண்டு. நீருக்குப் பஞ்சமில்லை, நிலமும் சர்க்காருடையது, சுவரைப் பார்க்க ஜனங்களும் வருகிறார்கள். பூங்கா முளைப்பதற்கு வேறென்ன வேண்டும்?

பாடம் முடிந்ததும் அந்த அம்மாள் மெள்ள என் பக்கத்தில் வந்தார். "ஏனுங்க வாத்தியாரய்யா, எங்க அம்மா பொறந்த ஊரு எந்தப் பக்கமுங்க இருக்குது?" என்று கேட்டார்.

"எந்த ஊர், ஆத்தா?"

"பண்ணவாடிக்கிட்டங்க. இப்ப தண்ணிக்குள்ளார இருக்குது."

நான் வாயடைத்துப் போனேன். அவர் சொன்ன காரியம் இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

எல்லோரையும் கூட்டிக்கொண்டு வலது கரையிலுள்ள பவள விழாக் கோபுரத்துக்குப் போனோம். அணையின் 75-ஆம் ஆண்டு நிறைவை நினைவுறுத்துவது அது. அணையின் மேல் நினைத்தபோதெல்லாம் யாரும் ஏறி நடந்துவிட முடியாது. ஆகையால் நீர்த்தேக்கத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்தக் கோபுரந்தான் வசதி. ஏறிப் பார்த்தோம். மலைகளுக்கிடையே கண்ணுக்கு எட்டிய தூரம் நீர். காற்று அதன் மேல் சுருக்கம் சுருக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாள் அங்கே நின்றபடி சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். அணை கட்டத் தொடங்கியபோது அவருடைய தாயார் சிறு பெண். ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்ததும், முதலில் யாரும் நம்பவில்லையாம். ஆற்றை யாராவது சுவர் வைத்து நிறுத்த முடியுமா என்று சிரித்தார்களாம். பிறகு நஷ்டஈட்டுப் பணமும் வந்தது, சுவரும் வளர்ந்தது. அவருடைய பாட்டனார் வீட்டு நிலைக் கதவைப் பெயர்த்து, ஆட்டுக்கல்லோடு சேர்த்து வண்டியில் ஏற்றினாராம். குலதெய்வத்தின் முன்னிருந்து ஒரு பிடி மண்ணை முடிந்து கொண்டார்களாம். அந்த நிலைக் கதவு எடப்பாடிப் பக்கத்தில் அவர்களுடைய வீட்டில் இன்னும் இருக்கிறது. "எங்கம்மா ஒவ்வொரு வெள்ளிக் கெழமையும் அதுக்கு மஞ்சப் பூசும்போது, பண்ணவாடிப் பக்கம் திரும்பிக் கும்பிடுவாங்க" என்றார்.

நீரில் மூழ்கிய ஊர்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஏதோ கொஞ்சம் தெரியும். மழை பொய்த்து நீர்மட்டம் வெகுவாகத் தாழும் வருஷங்களில், பண்ணவாடிப் பரிசல் துறைக்கு அருகே ஜலகண்டேசுவரர் ஆலயத்து நந்தியும், பழைய கிறிஸ்தவக் கோயிலின் கோபுரமும் நீருக்கு மேலே தலை காட்டும். பத்திரிகைகளில் படம் வரும். ஜனங்கள் கூட்டங் கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். நந்தி வெளியே தெரிந்தால் தஞ்சைக் குடியானவன் வயிற்றில் நெருப்பு. நந்தி முழுகிவிட்டால் அவனுக்கு நிம்மதி. அந்த நந்தியின் எதிரில் விளக்கேற்றிய ஊர்க்காரர்கள் எந்த நிலையில் நிம்மதி அடைவார்கள் என்று நான் அதுவரையில் யோசித்ததே இல்லை.

"அந்த ஊர்க்காரங்க எல்லாம் எங்கே போனாங்க, சார்?" என்று என் மாணவி கேட்டாள். 5,300 அடி, 214 அடி, 120 அடி எல்லாம் மனப்பாடமாகச் சொல்லும் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. "உன் அம்மாயியைக் கேள்" என்றேன். அம்மாயி ஒவ்வோர் ஊராகச் சொல்லத் தொடங்கினார். இன்னாருடைய வம்சம் கொளத்தூர்ப் பக்கம், இன்னாருடையது மேச்சேரி, இன்னொருவருடையது தர்மபுரி என்று அவருடைய விரல் நான்கு திசையும் போயிற்று. அன்று பாடம் நடத்தியவர் அவரே, நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மைசூர்ப் பூங்காவைப் பற்றி நான் அடித்த பெருமையும் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. அங்கேயும் கண்ணம்பாடி என்ற ஊர் முழுகித்தான் கிருஷ்ணராஜ சாகரம் உண்டாயிற்று. அங்கே நீருக்குள் இருந்த வேணுகோபால சுவாமி ஆலயத்தைப் பின்னாளில் கல் கல்லாகப் பெயர்த்து, மேட்டுப் பாங்கான இடத்தில் மறுபடியும் கட்டிவிட்டார்கள். காவேரிக் கரையில் பூங்கா அமைந்த இரண்டு இடங்களிலும், பூச்செடிக்குப் பின்னால் ஒரு கிராமம் இருக்கிறது.

இதனால் அணை கட்டியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நன்றிகெட்டவனாவேன். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் மதகு திறக்கிறதா என்று தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஜில்லாக்களில் லட்சக் கணக்கான குடும்பங்கள் காத்திருக்கின்றன. 2022-ஆம் வருஷத்தில் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். சுதந்திரம் வந்த பிறகு மே மாதத்தில் திறந்தது அதுவே முதல் தடவை. சேலம் நகரத்தார் குடிக்கும் நீரும் மேட்டூர் நீர்தான். நாம் சாப்பிடும் சோற்றில் அந்த ஊர்களின் பங்கு இருக்கிறது. அதை மறந்துவிட்டுச் சாப்பிடுவதுதான் தவறு.

ஊரைக் கொடுத்த சீமைக்கே அந்த நீர் தாமதமாகத்தான் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அணை திறந்து இருபத்தோரு வருஷத்துக்குப் பின், 1955-ல்தான் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் ஏற்பட்டன. சேலம், நாமக்கல், ஈரோடு பக்கங்களில் 45,000 ஏக்கர் அவற்றால் பாசனம் பெறுகிறது. அணை நிரம்பி வழியும் உபரி நீரை மேலே ஏற்றி, சேலம் ஜில்லாவில் வறண்டு கிடந்த 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் சரபங்கா நீரேற்றுத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2020-ல். அதைப் பற்றிக் கீழ்க்காவேரி விவசாயிகளுக்கு ஆட்சேபம் உண்டு; இங்குள்ளவர்களுக்கு ஆதங்கம் உண்டு. இருவர் வயலும் வாடக்கூடாது என்றுதான் நடுநிலையில் உள்ளவன் வேண்டிக்கொள்ள முடியும்.

கோபுரத்திலிருந்து இறங்கி மீண்டும் பூங்காவுக்கு வந்தோம். அந்த அம்மாள் அழுதுவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். நடந்தது வேறு. நேராக ஊஞ்சலருகே சென்று, பேத்தியைக் கூப்பிட்டு, "நீ தள்ளு கண்ணு" என்று சொல்லி, தாமே ஏறி உட்கார்ந்துகொண்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "இந்த வயசுல ஊஞ்சலாங்க?" என்று எங்கள் தெருவார் ஒருவர் கேலி செய்தார்.

"எங்கூருத் தண்ணியிலதானுங்க இங்க புல்லு மொளைக்குது! நான் ஆடாம வேற யாருங்க ஆடறது?" என்றார் அவர்.

சிரிப்பு நின்றது. பேத்தி பலமாகத் தள்ளினாள். வெள்ளைத் தலையும் பச்சைச் சேலையுமாக அந்த ஊஞ்சல் போய்ப் போய் வந்தது. பின்னால் சுவர் நின்றது.

அந்தப் பயணத்துக்குப் பிறகு என் வகுப்பில் மேட்டூர்ப் பாடம் சிறிது நீண்டுவிட்டது. நீளம், உயரம், கொள்ளளவு சொன்ன பிறகு, பண்ணவாடியைப் பற்றியும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது ஊரை விட்டு வந்தவர்கள் உண்டா, வரும்போது எதை எடுத்துவந்தார்கள் என்று கேட்டுக்கொண்டு வரச் சொல்கிறேன். ஒவ்வொரு வருஷமும் இரண்டு, மூன்று பிள்ளைகளாவது கையை உயர்த்துகிறார்கள்.

மேட்டூருக்குப் போக எண்ணும் நேயர்களுக்கு இரண்டே வார்த்தை. கூட்டத்தையும் கோலாகலத்தையும் விரும்புகிறவர்கள் ஆடிப் பெருக்கன்று போகலாம். பூங்காவை நிம்மதியாக அநுபவிக்க விரும்புகிறவர்கள், ஆடி, ஆவணியில் சாதாரண நாள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நலம். மதகுகளில் வெள்ளம் சீறும்போது ஆற்றில் இறங்க வேண்டாம். தடை போட்டிருந்தால் வாதாடவும் வேண்டாம். சாப்பிட்ட இலையையும் காகிதத்தையும் புல்லின் மேல் போட்டுவிட்டு வராதீர்கள். அந்தப் புல் யார் வீட்டு முற்றத்தை விலையாகக் கொடுத்து வந்தது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். கட்டுச்சாதத்தைப் பிரிப்பதற்கு முன் பவள விழாக் கோபுரத்தில் ஏறி, அந்தப் பக்கத்து நீரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு, குழந்தைகளோடு நீங்களும் தாராளமாக ஊஞ்சலாடலாம்.